மெதுவாக வரும் பந்து

பீலெஃபெல்ட் மைதானத்தில் தேனுஜா தன்னுடைய மடக்குக் கதிரையை விரித்தபோது, வலைக்குப் பின்னால் இன்னொருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். தெற்கு ஜெர்மனியில் இருந்து வந்த மனிதர். அவளுடைய கையில் இருந்ததைப் போலவே அவருடைய கையிலும் துப்பாக்கி வடிவத்தில் ஒரு வேகமானி. இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். ஒரே பையனைத்தான் பார்க்க வந்திருக்கிறோம் என்பது சொல்லாமலே விளங்கிவிட்டது.

கிழமை நாட்களில் தேனுஜா கொலோனில் முதுகு பிடித்தவர்களையும் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவர்களையும் நடக்க வைக்கிற ஃபிசியோதெரபிஸ்ட். சனி, ஞாயிறுகளில் ஓர் அமெரிக்க பேஸ்போல் கழகத்துக்காக ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடப் பிள்ளைகளில் நன்றாகப் பந்து வீசுகிறவர்களைத் தேடுவாள். பத்து வயதில் மட்டையைப் பிடித்தவள், முப்பது தாண்டியும் அதை விட மனமில்லாமல் இந்த வேலைக்கு வந்திருந்தாள். ஐரோப்பா முழுவதற்கும் பொறுப்பாக இருந்தவர் ரூட் என்ற டச்சுக்காரர். இரண்டு வருடமாக அவள் சொன்ன ஒருவரையும் அவர் எடுக்கவில்லை. "நல்ல பையன்தான், வேகம் போதாது" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுவார்.

இந்தமுறை அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. பீலெஃபெல்ட் பயிற்சியாளர் அனுப்பிய வீடியோவில் ஒரு நெடுவல் பையன் வீச, மட்டைக்காரர்கள் வரிசையாகக் காற்றை அடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெயர் நிதுசன் தவராசா. கிம்னாசியம் என்ற உயர்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு. நம்மடை பெடியன் ஒருவன் பேஸ்போலில் பந்து வீசுகிற மேட்டில் நிற்கிறானே என்ற புளுகமும் பெருமையும் அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது.

நிதுசன் மேட்டில் ஏறினான். காலைத் தூக்கி முதல் பந்தை வீசினான். வேகமானி மணிக்கு நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர் என்று மிகக் குறைந்த வேகத்தைக் காட்டியது. தேனுஜா அதைக் கையில் தட்டிப் பார்த்தாள். அடுத்த பந்து அதைவிடக் குறைவு. தெற்கத்திக்காரர் இன்னும் இரண்டு பந்து பார்த்தார். பிறகு கதிரையை மடக்கி, "நல்ல காலநிலை" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

அவளும் எழும்பியிருப்பாள். பக்கத்தில் இருந்த பெண்மணி ஒரு பெட்டியைத் திறந்து நீட்டியதால்தான் நின்றாள்.

"மீன் ரோல்ஸ். எடுங்கோ பிள்ளை. தமிழ்தானே? முகத்திலை தெரியுது."

"ஓம் அக்கா. கொலோனிலை இருந்து வாறன்."

"நான் கலாதேவி. எறியிறவன் என்ரை மகன்" என்றார் அவர். "எனக்கு இந்த விளையாட்டு ஒண்டும் விளங்காது. மற்றப் பக்கத்துப் பெடியன் மட்டையைச் சுத்திப்போட்டு விழுந்தால் எங்களுக்கு நல்லம், அவ்வளவுதான் தெரியும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, எதிரணியின் மிகப் பெரிய மட்டைக்காரன் முழு உடம்பையும் சுழற்றி அடித்து, பந்து படாமல் ஒற்றைக் காலில் தள்ளாடினான். அவனுடைய சொந்த அணியே சிரித்தது. அடுத்தவன் பந்து வருவதற்கு முன்பே மட்டையை வீசி முடித்திருந்தான். மூன்றாமவன் அசையவே இல்லை. பந்து அவனுடைய நெஞ்சுக்கு நேரே வந்து, கடைசியில் யாரோ நூலை அறுத்துவிட்டதுபோல முழங்காலுக்குத் தொப்பென்று இறங்கியது.

தேனுஜா வேகமானியைப் பைக்குள் போட்டாள். ரோல்ஸைக் கடித்தபடியே வலையோடு ஒட்டிப்போய் நின்று, அவனுடைய கையை மட்டும் பார்த்தாள். எல்லோரும் பந்தை விரல்களால் உருட்டி விடுவார்கள். இவன் நடுவிரலை மடித்து வைத்து, விடுகிற நொடியில் சுண்டினான். பந்து சுழலாமலே வந்தது. எந்தப் பக்கம் விழும் என்பது அவனுக்கே தெரிந்திருக்காது. ஆனால் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறவர், முகக்கவசமும் நெஞ்சுக் கவசமுமாக, ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை. அதையும் தேனுஜா கவனித்தாள்.

ஆட்டம் முடிந்ததும் அவள் நேரே மேட்டுக்குப் போனாள்.

"தம்பி, எனக்குக் கொஞ்சம் எறிவீங்களோ?"

நிதுசன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "அக்கா, உங்களுக்கு அடிக்கத் தெரியுமோ?"

"தெரியும் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

கலாதேவி வெளியில் நின்று, "மெதுவா எறியடா, ஆளிலை பட்டிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவன் மெதுவாகத்தான் எறிந்தான். அதுதான் தொல்லையாகப் போயிற்று. ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து முடிக்கலாம் போல அவ்வளவு நேரம் இருந்தது அடிக்க. அடித்தபோது அங்கே பந்து இல்லை. கடைசியில் வெறி வந்து முழுப் பலத்தையும் போட்டுச் சுழற்றியவள், நேற்றைய மழையில் ஊறிய மண்ணில் சறுக்கி அப்படியே இருந்துவிட்டாள். இருந்தபடியே சிரித்தாள். அவன் ஓடிவந்து கை கொடுத்துத் தூக்கினான்.

"ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருதரும் இல்லை. அப்பாவோடை கரம் போட் விளையாடுறனாங்கள். பஸ் தரிப்பிலை பஸ் வராட்டில் பந்தை அப்பிடிச் சுண்டிக்கொண்டு நிப்பன். பிறகு எறிஞ்சு பாத்தன்" என்றான் வெட்கத்தோடு. "வேகமா எறிய எனக்கு ஏலாது அக்கா. அதாலைதான்."

பின்னால் இருந்து பந்தைப் பிடித்தவர் முகக்கவசத்தைக் கழற்றினார். இரட்டைப் பின்னலோடு ஒரு பெண்பிள்ளை.

"இவ என்ரை தங்கச்சி, கவிசா" என்றான் நிதுசன். "அணியிலை வேறை ஒருதரும் இதைப் பிடிக்க மாட்டினம். ரெண்டு பேர் விரலை முறிச்சுப்போட்டினம்."

"ஒருதன்ரை விரல் சுளுக்கினதுதான்" என்று கவிசா திருத்தினாள்.

அன்று பின்னேரம் ரயிலில் இருந்தே தேனுஜா ரூட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"வேகம்?" என்றார் அவர்.

"நூற்றுப் பதினெட்டு."

"தேனுஜா, ஆட்டோபான் நெடுஞ்சாலையில் அந்த வேகத்தில் போனால் பின்னால் வருகிறவன் விளக்கடிப்பான்."

வழக்கமாக அவள் இந்த இடத்தில் "சரி" என்பாள். இன்றைக்கு அது வாயில் வரவில்லை. "நீங்கள் இருபது வருடம் பந்து பிடித்தவர்தானே? வந்து இவனுடையதைப் பிடித்துக் காட்டுங்கள். பிடித்துவிட்டால் இனி நான் யாரையும் சொல்லி உங்களுக்குத் தொல்லை தரமாட்டேன்." சொன்ன பிறகுதான் அது வேலையை வைத்து விளையாடுகிற பேச்சு என்று அவளுக்கு உறைத்தது. மறுபக்கத்தில் ரூட் தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்" என்றார்.

ஞாயிறு காலை அவர் தன்னுடைய பழைய தோல் கையுறையோடு வந்து இறங்கினார். அறுபது வயது, ஆனால் குந்தியிருந்த விதத்தில் பழக்கம் தெரிந்தது. நிதுசன் பயந்துபோய் அப்பாவைப் பார்த்தான். ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்த தவராசா, கொட்டாவியை அடக்கியபடி, "எறி" என்று கையைக் காட்டினார்.

முதல் பந்து ரூட்டின் முழங்கால் சில்லில் பட்டது. இரண்டாவது தோளில். மூன்றாவதைப் பிடித்துவிட்டதாக நினைத்து அவர் கையுறையை மூடினார்; பந்து கால்களுக்கு நடுவால் போய் வலையில் விழுந்தது. தேனுஜா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள், சிரிப்பைக் காட்டக்கூடாது என்று. ஆனால் ரூட்டே புல்லில் சாய்ந்து படுத்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டார். "இதை அடிக்கிறது இருக்கட்டும், பார்க்கவே முடியவில்லை" என்றார்.

கோடை விடுமுறையில் ஒரு வாரப் பயிற்சி முகாம், அமெரிக்காவில் இருந்து பெரியவர்கள் வந்து பார்ப்பார்கள், அதற்கு நிதுசன் வரவேண்டும் என்று அவர் கேட்டார். தவராசா தேனுஜாவிடம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லுங்கோ. இதாலை அவன்ரை கை பழுதாகுமோ? அபிட்டூர் சோதினை என்ன மாதிரி?"

"கைக்கு இதைவிடச் சுகமான எறி இல்லை அண்ணை. வேகமா எறியிற பெடியளின்ரை தோள்தான் என்னட்டை வாறது. அபிட்டூர் முடிக்காமல் ஆரும் கூட்டிக்கொண்டு போனால் நான் முதல் ஆளா மறிப்பன்."

அவர் யோசித்தார். "அப்ப சரி" என்றார்.

அப்போதுதான் ரூட்டுக்கு இன்னொரு கவலை வந்தது. முகாமில் இதை யார் பிடிப்பது? எல்லோரும் கவிசாவைப் பார்த்தார்கள். அவள் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு, தெளிவான ஜெர்மனில் சொன்னாள்: "அண்ணாவுக்கு உதவிக்கு என்றால் நான் வரமாட்டேன். மற்றவர்களைப் போல என் பெயர் போட்ட சட்டை வேண்டும். நானும் மட்டை பிடிப்பேன்."

ரூட் அவளுக்குக் கை கொடுத்தார்.

ஓகஸ்டில் தெற்கு ஜெர்மனியில் முகாம் நடந்தது. முதல் நாள் நிதுசனுடைய பந்து எங்கும் போகாமல் நேரே வந்து நன்றாக அடி வாங்கியது. இரவு அவன் சாப்பிடவில்லை. மறுநாள் கவிசா மேட்டுக்குப் போய் அவனுக்குக் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று தேனுஜா பிறகு கேட்டும் இருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அவனை ஒழுங்காக அடித்தவர்கள் மிகச் சிலர். அமெரிக்காவில் இருந்து வந்தவர்கள், அபிட்டூர் முடிந்த அடுத்த குளிர்காலத்துக்குத் தங்களுடைய பயிற்சித் திடலுக்கு அவனை அழைத்தார்கள். ஜெர்மன் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிற ஒருவர் தற்செயலாக அங்கே வந்திருந்து, கவிசாவிடம் வயதையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிப் போனார்.

தேனுஜாதான் இருவரையும் காரில் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் சொன்ன ஒருவன் முதல்முறையாக எடுபட்டிருக்கிறான். பாட்டுப் பாட வேண்டும் போல இருந்தது அவளுக்கு. ஆனால் பின் இருக்கையில் அண்ணனும் தங்கையும் யார் நன்றாக விளையாடியது என்று காஸெல் நகரம் தாண்டியும் சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோ" என்றாள் கவிசா.

"நான் ரோட்டைப் பாக்கோணும்" என்றாள் தேனுஜா.