எந்தச் சிவப்பு?

இரண்டு பிள்ளைகளும் ஒரே வயிற்றில் கிடந்தவர்கள்தான். ஆனால் வெள்ளவத்தை நேர்சிங் ஹோமில் தராசில் வைத்தபோது மூத்தவள் இரண்டு கிலோ எழுநூறு. நான்கு நிமிடம் பிந்திப் பிறந்தவள் ஒரு கிலோ அறுநூறு. இதென்ன ஓரவஞ்சனை என்று அருந்ததிக்கு விளங்கவில்லை. அவள் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. விளங்காத ஒன்றை வைத்துக்கொண்டு அவளால் நித்திரை கொள்ள முடியாது. சிசேரியன் தையல் வலியைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு இதையே யோசித்துக்கொண்டு கிடந்தாள்.

மறுநாள் காலை டொக்டர் ஸ்ரீஸ்கந்தராசா வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தானே சாப்பிட்டனான், டொக்டர்?”

அவர் சிரித்தார். “நீங்கள் சரியாத்தான் சாப்பிட்டனீங்கள். ரெண்டு பேருக்கும் நச்சுக்கொடி ஒண்டுதான். அதுக்குள்ளை ரத்தக்குழாயள் ஒண்டோடொண்டு சேர்ந்திருக்கு. சின்னவளின்ரை ரத்தம் கொஞ்சங்கொஞ்சமா மற்றப் பக்கம் போயிட்டுது. அதுதான் அவள் வெளிறி மெலிஞ்சு போனாள்.”

சின்னவள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். கணவன் வரதராசா அங்கேயே நின்று அவளுடைய மூச்சை எண்ணிக்கொண்டிருந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் கூடினார்கள். பெரியவளுக்கு என்ன குறை? அவள் அம்மாவின் கட்டிலோடு ஒட்டிய தொட்டிலில் சொகுசாகத் தூங்கினாள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வரதராசாவின் அக்கா கனகேஸ்வரி வந்து சேர மத்தியானமாகிவிட்டது. அது தொண்ணூற்றாறாம் ஆண்டு, யுத்த காலம். வழியில் மூன்று இடத்தில் பஸ்ஸை விட்டு இறக்கி அடையாள அட்டை பார்த்திருந்தார்கள். அந்தக் களைப்பெல்லாம் தொட்டிலை எட்டிப் பார்த்ததும் பறந்துவிட்டது.

“ஐயோ, என்ன சிவப்பு! எங்கடை ஆக்களிலை இப்பிடி ஒரு நிறமே இல்லை. இவளுக்கு மாப்பிள்ளையள் வாசல்லை வரிசையிலை நிப்பாங்கள்.”

“மச்சாள், இவள் விடியத் துவக்கம் பால் குடிக்கேல்லை. எழுப்பினாலும் எழும்புறாளில்லை.”

“கொழுத்த பிள்ளை நித்திரை கொள்ளுந்தானே. நீர் சின்னவளை யோசியும்.”

அருந்ததி யோசித்தாள். சின்னவளின் ரத்தம் மற்றப் பக்கம் போனதென்றால் அந்தப் பக்கத்தில் இருந்தது யார்? அதை டொக்டரிடம் கேட்காமல் விட்டுவிட்டாளே! தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பெரியவளின் துணியை விலக்கினாள். உள்ளங்கால் பீட்ரூட் போல் இருந்தது. உதடு கருஞ்சிவப்பாய்க் கிடந்தது.

“மச்சாள், பிள்ளை சிவப்பாயிருக்கிறாள்!”

“அதைத்தானே நானும் சொல்லுறன். உம்மடை அம்மாவும் நல்ல சிவப்பெல்லோ.”

அருந்ததிக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. தன் தாய்மொழி இப்படிக் காலை வாரிவிடும் என்று அவள் நினைத்ததே இல்லை. வெள்ளைத் தோலும் சிவப்பு, ரத்தமும் சிவப்பு. எந்தச் சிவப்பென்று இந்த மனுசிக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

வாசலால் சிங்கள நேர்ஸ் போனாள். அருந்ததி வெளியில் சிங்களம் கதைக்க வாய் திறக்கமாட்டாள். உச்சரிப்பே ஊரைச் சொல்லிவிடும். பிறகு எங்கேயிருந்து வந்தாய், எதற்கு வந்தாய் என்று தொடங்கிவிடுவார்கள். இப்போது வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

“மிஸ்! லொக்கு பபா ரத்து! கிரி பொன்னே நே!”

பெரிய பிள்ளை சிவப்பு, பால் குடிக்கிறதில்லை. அவ்வளவுதான் அவளுக்கு வந்தது, அதுவும் தப்பும் தவறுமாக. ஆனால் சிங்களத்தில் வெள்ளைத் தோலுக்கு ‘சுது’ என்றொரு சொல் தனியாக இருக்கிறது. யாரும் அதை ‘ரத்து’ என்பதில்லை. நேர்ஸ் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். உள்ளங்காலைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

குதிக்காலில் குத்தியபோது ரத்தம் சீனிப்பாணி போல் தடித்து வந்ததாம். டொக்டர் திரும்பி வந்து, தொப்புளால் கொஞ்ச ரத்தத்தை எடுத்துவிட்டு சேலைன் ஏற்றினார். அந்த நேரம் முழுக்க அருந்ததி அழுதாள். நிறை கூடினால் சுகம் என்று எல்லோரையும் போல அவளும் நம்பிவிட்டாள். தாய் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

“காலமை பாக்கேக்கை இவ்வளவு சிவப்பில்லை,” என்றார் டொக்டர். “இன்னும் பிந்தியிருந்தால் வலிப்பு வந்திருக்கும். நல்ல வேளை கத்தினீங்கள்.”

“எடுத்த ரத்தம் ஆற்றை, டொக்டர்? இவளின்ரையோ, தங்கச்சியின்ரையோ?”

அவர் சிரித்துக்கொண்டே சின்னவளைப் பார்க்கப் போனார்.

சின்னவள் குழாயால் பால் இறக்குகிறாள், மூச்சும் சீராக இருக்கிறது என்று வரதராசா வந்து சொன்னான். அந்த நேரம் பார்த்து, தொட்டிலுக்குத் திரும்பி வந்திருந்த பெரியவள் கண்ணைத் திறந்து வீரிட்டாள். அருந்ததி அள்ளியெடுத்து மார்போடு அணைத்தாள். பிள்ளை பிடித்த பிடியில் அவளுக்கு வலித்தது.

கனகேஸ்வரி குனிந்து பார்த்தாள். அவளுடைய முகம் வாடிப்போயிற்று.

“என்ன இது, பிள்ளையின்ரை நிறம் எல்லே குறைஞ்சு போச்சு!”

“குறையட்டும், மச்சாள்,” என்றாள் அருந்ததி. “கரிக்கட்டையா வந்தாலும் வரட்டும். குடிக்கிறாள், பாருங்கோ.”