முட்டைப் பெட்டியின் சாவி

அண்ணிக்குக் காலையிலிருந்தே கை பரபரத்தது. ஆய்வுக்கூடத்துக் கதகதப்புப் பெட்டிக்குள் இரண்டு தட்டு முட்டைகள். சாவியோ அவளுடைய நாத்தனாரின் இடுப்பில். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே வேலை. நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆய்வுக்கூடம் முழுவதற்குமே அவள் அண்ணியாகிவிட்டாள்.

"ஒரே ஒரு தடவை பாத்துட்டு மூடிடறேன்டி."

"மதியம் திறக்கலாம்னு சொன்னது யாரு? நீங்கதானே? போய் டீ குடிங்க அண்ணி."

சாவியை நாத்தனாரிடம் கொடுத்ததே அண்ணிதான். யாரை நொந்துகொள்வது!

விஷயம் இதுதான். இரைப்பையில் வரும் புற்றுநோய்க் கட்டி சும்மா கிடக்காது. வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைக் கசியவிட்டு, 'என் பக்கம் கிளை விடு, எனக்குச் சோறு போடு' என்று பக்கத்து ரத்தக் குழாய்களைக் கூப்பிடும். அவையும் வெட்கமில்லாமல் வளர்ந்து போய் ஊட்டிவிடும். அந்தக் கூப்பாட்டை அடக்க அண்ணியிடம் ஒரு மருந்து இருந்தது. குஞ்சு வளரும் முட்டையின் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, உள்ளிருக்கும் சவ்வின் மேல் கட்டித் துணுக்கை வைத்தால், குழாய்கள் கிளைப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஏற்கெனவே இரண்டு முறை மண்ணைக் கவ்வியாயிற்று. மருந்து போட்ட முட்டையிலும் குழாய்கள் மொய்த்தன. ஆய்வுக்கூடத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இதுதான் கடைசி. இதுவும் ஊத்திக்கிச்சுன்னா மருந்தை மூட்டை கட்டிடுங்க."

அன்று தோற்ற முட்டைகளைக் கொட்டப் போனவள், எதுவுமே வைக்காத ஒரு முட்டைக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். அதிலும் குழாய்கள்! நடுவில் வெள்ளையாக ஒரு துளி. ஓட்டுத்தூள். அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நன்றாகத் தெரியட்டும் என்று ஜன்னலைத் தினமும் சுரண்டிச் சுரண்டிப் பெரிதாக்கியவள் அவளேதான். உதிர்ந்த தூள் சவ்வை உறுத்த, அதற்கே குழாய்கள் ஓடி வந்திருக்கின்றன. இவள் ஆர்வக்கோளாறுக்கு மருந்தின் மேல் பழி!

அதனால் இந்த முறை ஜன்னலை ஒரே தடவை வெட்டி, தூளைத் துடைத்து, டேப் ஒட்டி, சாவியையும் கொடுத்துவிட்டாள். "நான் கால்ல விழுந்தாலும் குடுக்காதே." பாதி முட்டைகளுக்கு மருந்து விட்டவளும் நாத்தனார்தான். எந்த முட்டைக்கு விட்டாளோ அதன் அடியில் ஒரு பென்சில் புள்ளி. அது எதுவென்று அண்ணிக்குத் தெரியாது.

மதியம் முதல் தட்டு வெளியே வந்தது; இரண்டாவதை மறுநாள்தான் திறப்பதென்று ஏற்பாடு. அண்ணி டேப்பை உரித்து விளக்கைப் பிடித்தாள். துணுக்கை நோக்கிச் சிவப்புச் சிவப்பாகக் கிளைகள். அடுத்தது, அதேதான். மூன்றாவதில் துணுக்கு இருந்தது, சுற்றிலும் ஒன்றுமில்லை! அப்புறம் இன்னொன்று அப்படி, இன்னொன்று இப்படி. எல்லாவற்றையும் பார்த்து இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்தாள்.

"அடியைப் பாருடி. நான் பாக்க மாட்டேன்."

நாத்தனார் குழாய் மொய்த்தவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். புள்ளி இல்லை. ஒன்றில்கூட இல்லை. வெறிச்சோடிய பக்கத்துக்கு வந்தாள்.

"புள்ளி. இதுலயும் புள்ளி. அண்ணி, எல்லாத்துலயும் புள்ளி!"

அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. நாத்தனாரைக் கட்டிக்கொண்டு குதித்ததில் மேசை ஆடியது. இருவரும் ஒரே நேரத்தில் முட்டைகளைப் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த தலைவர் விளக்கடியில் குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அடேங்கப்பா! அந்த ரெண்டாவது தட்டு?" என்றபடி திறந்திருந்த பெட்டிக்குள் கையை விட்டு, ஒரு முட்டையின் டேப்பை நகத்தால் நெம்பினார்.

பளாரென்று அவர் கையில் ஓர் அடி விழுந்தது. அடித்தவள் அண்ணி.

"அது நாளைக்குத்தான்!"

தலைவர் கையைத் தடவிக்கொண்டார்.

"அப்போ நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரட்டும்?"

"என்னைக் கேக்காதீங்க சார்," என்றாள் அண்ணி. "சாவி அவகிட்ட இருக்கு."