தொண்ணூறாம் பக்கத்துக்கு மேல்

சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கும் அந்த ஆளுக்குப் பட்டப்பெயர் ஒட்டகம். எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வாய் திறக்காமல் நடப்பார். அவருக்கு எழுத்து தெரியாது. மனைவி இருந்தவரை சாயங்காலமானால் ஒரு நாவலை அவருக்குப் படித்துக் காட்டுவாள். பஸ் ஓட்டும் பெண் ஒருத்தியின் கதை. தொண்ணூறாம் பக்கத்தின் மூலையை மடித்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

ஒட்டகம் வேலைக்குப் போவதை நிறுத்தினார். சுவரைப் பார்த்துப் படுத்தார். சாப்பாடு கொண்டுவந்த கொழுந்தியாளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தக் கதை என்னாச்சுன்னு மட்டும் படிச்சுச் சொல்லிடு. அது முடிஞ்சா எனக்கும் முடிஞ்ச மாதிரிதான். அப்புறம் இங்க எனக்கு என்ன வேலை?"

கொழுந்தியாள் மாடி வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள். ஊருக்கே பதில் சொல்லும் வாய்க்காரி. புத்தகத்தை ரகசியமாகப் புரட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தில் பஸ்காரி காய்ச்சலில் செத்துப்போகிறாள்.

மறுநாள் சாயங்காலம் மடித்த பக்கத்தைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு "படிக்க" ஆரம்பித்தாள். பஸ்காரி சாகவில்லை. கொள்ளைக்காரர்களை மிரட்டி டிக்கெட் வாங்க வைத்தாள். ஒரு ஆட்டுக்கு ஜன்னலோர இடம் கொடுத்தாள். பின் சீட்டு முழுக்க நெல் மூட்டையை அடுக்கிக்கொண்டு மலை ஏறினாள். மீசைக்காரக் கண்டக்டர் ஒருவன் அவளையே சுற்றிச் சுற்றி வந்தான். அடுத்தது என்ன என்று கேட்பதற்காகவே ஒட்டகம் குளித்தார், சாப்பிட்டார். இரண்டாம் மாதம் கிடங்குக்கும் போனார்.

அங்கேதான் வினை. மூட்டை அடுக்குகிறவருக்குக் கண்ணே அளவுகோல். எத்தனை இறங்கியது, எத்தனை பாக்கி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். மூன்று மாதமாகப் படித்தும் புத்தகத்தின் இடது பக்கம் ஒரு தாள்கூடத் தடிக்கவில்லையே!

அவர் ஒன்றும் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாமா? நேரே கிடங்கு வாட்ச்மேனிடம் போய் நின்றார்.

"எனக்கு எழுத்து கத்துக்கணும்."

"இந்த வயசுலயா? எதுக்குய்யா?"

"ஒருத்தி என்னை ஏமாத்துறா."

"லவ் லெட்டரா?"

"வாயை மூடிட்டு 'அ'ன்னா எதுன்னு காட்டு."

மத்தியான இடைவேளைகளில் மூட்டைகளில் அச்சடித்திருந்ததே பாடம். தரையில் படிந்த தூசியே சிலேட்டு. ஐந்து மாதம் ஆனது. பிறகு அலமாரியில் கிடந்த புத்தகத்தை எடுத்து எழுத்துக்கூட்டினார். தொண்ணூற்றிரண்டாம் பக்கத்திலேயே இரண்டு நாள் நின்றார். கடைசிப் பக்கம் வரை போக இன்னும் மூன்று வாரம்.

அன்று சாயங்காலம் கொழுந்தியாள் புத்தகத்தைத் திறந்ததும் சொன்னார்.

"கதையை நானே படிச்சு முடிச்சுட்டேன்."

அவள் கை பக்கத்தின் மேலேயே நின்றுவிட்டது. முடிந்தால் எனக்கும் முடிந்த மாதிரி என்று அவர் சொன்னதை அவள் ஒரு நாளும் மறக்கவில்லை.

"அத்தான், நான் வந்து..."

"பொய்க்காரி. அவ எப்பவோ செத்துட்டா."

"ஆமா."

"உங்கக்கா இதைப் படிச்சிருந்தா புத்தகத்தைத் தெருவுல வீசியிருப்பா. அதுக்கப்புறம் நூறு பக்கம், எல்லாரும் அழுதுட்டே நிக்கிறாங்க. பஸ்ஸை எடுக்க ஒரு ஆள் இல்ல." தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை உருவினார். "உன் கதை பரவாயில்ல. ஆனா பின்னாடி அவ்வளவு பாரத்தை ஏத்திட்டு மலை ஏறினா வண்டி மூக்கைத் தூக்கிடாதா? உனக்குப் பாரத்தைப் பத்தி என்ன தெரியும்? அதான் நான் எழுதியிருக்கேன். படி."

எழுத்து ஒவ்வொன்றும் மூட்டை கனம் இருந்தது. அவள் படித்தாள். நிமிர்ந்தாள்.

"கண்டக்டரை எதுக்கு ஆத்துல தள்ளினீங்க?"

"அவன் முழியே சரியில்ல."

"அவனுக்கு நான் கல்யாணம் பண்ணி வைக்கிறதா இருந்தேன்."

"அப்ப நாளைக்கு நீ கரையேத்து. நாளன்னிக்கு என் முறை. மறுபடி தள்ளுவேன்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"நாளைக்கு வரைக்கும் தண்ணியிலயா கிடப்பான்? பென்சிலைக் கொடுங்க."