பத்து மணிக்கு முன்னால் செய்தி கிடையாது

தேன்காரியின் வீட்டுக்காரருக்கு ஊரில் 'குரல்' என்று பெயர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் நல்ல வாட்டசாட்டம். உழவர் உதவி மையத்தில் ஃபைல் தூக்கப் போனவர்தான். ஒருநாள் கால்நடை முகாமில் கரண்ட் போய் மைக் செத்துவிட்டது. "மாடுகளை இடப்பக்கம் ஓட்டுங்கள்" என்று அவர் சும்மா சொன்னது கடைசி வரிசை மாடு வரை கேட்டது. மாடுகளும் இடப்பக்கம் போயின. அன்றிலிருந்து மையத்தின் பருவச் செய்தியை வாசிப்பது அவர்தான். விதைப்பது எப்போது, ஆட்டுக்குத் தடுப்பூசி எப்போது, மழை வந்தால் வைக்கோலை என்ன செய்வது என்பதெல்லாம் அவர் தொண்டை வழியாகவே ஊருக்கு வரும். ஆட்டுக்கு வயிற்றுப்போக்கு என்பதை அவர் வாசித்தால்கூட அந்த ஆடு கொடுத்துவைத்தது என்று தோன்றும்.

இந்தப் பருவத்தில் மையம் ஒரு படி மேலே போனது. இனிமேல் அவர் வாசித்துப் பதிவுசெய்த செய்தி எல்லோருடைய செல்பேசிக்கும் நேராக வரும் என்றார்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கும் முன்பே மாடியிலிருந்த பழைய ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டார்கள். புதிது வரும்போது பழையது தொங்கினால் படத்தில் விழுந்துவிடுமாம்.

விழாவுக்கு முன்னால் ஒரு பயிற்சி வகுப்பும் நடந்தது. மையத்தின் அதிகாரி அம்மா திரையில் அம்புக்குறிகளைக் காட்டி விளக்கினார். வேலி ஓரம் நின்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்கு 'முறைசாராத் தகவல் பரிமாற்றம்' என்று பெயராம், அதனால் தகவல் திரிந்துபோகிறதாம். இவ்வளவு நாளும் அப்படி ஒரு காரியமா செய்துகொண்டிருந்தோம் என்று கூட்டத்துக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

"மருந்து அடிக்கிறவங்க இனிமே மையத்துக்கு மட்டும் சொன்னா போதும். மையம் எல்லாருக்கும் சொல்லும்" என்றார் அதிகாரி.

ஆட்டுக்காரர் கை தூக்கினார். "பக்கத்து வீடு தீப்பிடிச்சா, மேடம்?"

"அது தீயணைப்புத் துறை. நம்ம வரம்புல வராது."

தேன்காரி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு இதில்தான் உயிர் இருந்தது. அவளுடைய தேனீப் பெட்டிகளெல்லாம் சூரியகாந்தி அண்ணனின் வயல் வரப்பில் இருந்தன. பூ விரிந்து வயலே மஞ்சளாகக் கிடந்தது. சென்ற பருவம் நோயில் பாதிக் கூட்டம் போய், மிச்சத்தைப் பிரித்துப் பிரித்து, சர்க்கரைப் பாகு ஊட்டி அவள் தேற்றிய கூட்டங்கள் அவை. இந்தப் பூவில் தேறினால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பெட்டியில் துணி அடுக்கி வைக்க வேண்டியதுதான்.

மருந்து அடிப்பதாக இருந்தால் முந்தின சாயங்காலமே தெரிய வேண்டும். தேனீக்கள் கூடு திரும்பியதும் வாசலை வலை வைத்து அடைத்து, மேலே ஈரச்சாக்கு போட்டுவிட வேண்டும். விடிந்து அவை கிளம்பிவிட்டால் அப்புறம் யார் போய்க் கூட்டி வருவது? இவ்வளவு நாளும் அண்ணன் வாசலில் வந்து நின்று, "தங்கச்சி, நாளைக்கு அடிக்கிறேன்" என்று சொல்லி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அந்தச் சொம்புத் தண்ணீர்தான் அதுவரை இருந்த தகவல் தொழில்நுட்பம்.

விழாவுக்கு முந்தின சாயங்காலம் குரல் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் நின்று வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தார்.

"ஏதும் சேதி உண்டாங்க?" என்றாள் தேன்காரி.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஊருக்கே சேதிதான்."

"ஊர் கிடக்கட்டும். அண்ணன் வயல்ல புழு விழுந்திருக்காம். மருந்து அடிக்கிறதா இருந்தா மையத்துக்குச் சொல்லுவாருல்ல?"

"சொல்லுவாரு."

"சொன்னா நீங்க எனக்குச் சொல்லுவீங்கல்ல?"

குரல் நிமிர்ந்து மேலே பார்த்துக் கடகடவென்று கொப்பளித்தார். துப்பினார். "சேதின்னு ஒண்ணு இருந்தா முறைப்படி வரும்" என்றார். பிறகு தொண்டைமேல் ஒரு விரலை வைத்து, இனி அதற்கு ஓய்வு என்று சைகை காட்டினார்.

இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு குறைவாகப் பேசியதில்லை. நாளைய விழாப் பதற்றம் என்று நினைத்து அவள் வெந்நீரை இன்னும் கொஞ்சம் சூடாக்கிக் கொடுத்தாள்.

மறுநாள் பத்து மணி, பன்னிரண்டுக்குத்தான் வந்தது. திறந்துவைக்க வேண்டிய பெரியவர் வழியில் இன்னொன்றைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். 'பயனாளிகள்' என்று எழுதிய முன்வரிசையில் தேன்காரிக்கு ஒரு பக்கம் ஆட்டுக்காரர், மறுபக்கம் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்த சூரியகாந்தி அண்ணன். மேடை ஓரத்தில் குரல், கழுத்தில் அடையாள அட்டையுடன் நின்றார்.

பெரியவர் பொத்தானை அழுத்தினார். மண்டபத்திலிருந்த அத்தனை செல்பேசிகளும் ஒரே சமயத்தில் அலறின. தூங்கியவர்கள் எழுந்து, அது திறப்பு விழாதான் என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

முதல் செய்தி, பெரியவரின் வாழ்த்து. கைதட்டல். இரண்டாவது, குட்டிகளுக்குக் குடற்புழு நீக்கம். அதற்கும் கைதட்டல். மூன்றாவது செய்தி குரலின் தனிப்பட்ட கம்பீரத்தோடு வந்தது: "ஓடைப்பக்கச் சூரியகாந்தி வயலில் நாளைக் காலை பூச்சிமருந்து தெளிக்கப்படும். தேனீ வளர்ப்போர் இன்று மாலையே பெட்டிகளை அடைத்துக் காக்கவும்."

எல்லோரும் தட்டினார்கள். தேன்காரியும் தட்டினாள். நமக்கான செய்தி நமக்கே வந்துவிட்டது என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"நாளைக்கா?" என்றார் சூரியகாந்தி அண்ணன். "என்ன தங்கச்சி, நாளைக்குங்கிறாங்க? காத்து எழும்புறதுக்கு முந்தி இன்னிக்கு விடியக்காலையிலயே அடிச்சு முடிச்சாச்சே."

"என்னண்ணே சொல்றீங்க?"

"நேத்து மதியமே மையத்துக்குப் போன் போட்டேனே. உன் வீட்டுக்காரர்தான் எடுத்தாரு. 'குறிச்சுக்கிட்டேன், கவலையை விடுங்க'ன்னாரு. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா வீட்டுக்கே சொன்ன மாதிரிதானேன்னு நான் அங்க வரல." பேசப்பேச அவர் முகம் சுருங்கியது. "பெட்டியை அடைச்சுத்தானே வச்சிருந்தே?"

தேன்காரி மேடையைப் பார்த்தாள். குரல் அவளைப் பார்த்தார். பார்த்தவர் உடனே குனிந்து மைக்கின் ஒயரை ஆராயத் தொடங்கினார். மைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

அவள் எழுந்தாள். "அம்மா, ஐயா பேசிட்டிருக்காரு, உக்காருங்க" என்று ஒரு பையன் வழி மறித்தான். அவனைத் தாண்டிக்கொண்டு போனாள்.

வயலில் பூக்கள் அப்படியேதான் சிரித்துக்கொண்டிருந்தன. வரப்பு ஓரம் மருந்து நெடி. பெட்டி வாசல்களுக்கு முன்னால் தேனீக்கள் கறுப்பாகக் குவிந்து கிடந்தன. சில, நாக்கு நீண்டபடி செத்திருந்தன. சில மல்லாந்து ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து ஒரு தேனீ, செத்த இன்னொன்றைத் தன் எடைக்குமேல் இழுத்துவந்து வாசலில் தள்ளிவிட்டு, அடுத்ததை எடுக்கத் திரும்பிப் போனது. ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தாள். ராணிகள் இருந்தன. வெளியே போகாத இளசுகள் கொஞ்சம் இருந்தன. அடையிலிருந்த குஞ்சுப் புழுக்களுக்குத் தீனி கொண்டுவரத்தான் யாரும் இல்லை.

குரல் இருட்டும் நேரத்தில் வீட்டுக்கு வந்தார். அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

"எப்போ தெரியும்?"

"நேத்து மதியம்."

"அப்போ நான் கேட்டப்போ?"

"நான் பொய் ஒண்ணும் சொல்லலியே" என்றார். "அதிகாரி கண்டிப்பா சொல்லிட்டாங்க. திறக்கிறதுக்கு முந்தி ஒரு சேதியும் வெளிய போகக்கூடாதுன்னு. போச்சுன்னா வேலையில நான் நிரந்தரம் ஆகிறதே..."

"வெளியவா? நான் அடுப்படியில நின்னுதானே கேட்டேன்?"

குரல் கனைத்துக்கொண்டார். "அண்ணன் எப்பவும் வெயில் ஏறித்தான் வயலுக்குப் போவாரு. பத்து மணிக்கு அப்புறம்தான் அடிப்பாருன்னு நெனச்சேன்."

"பத்து மணிக்குத் தேனீயெல்லாம் பூவுல இருக்கும். இன்னும் மோசம். போன பருவம் நீங்கதானே இதை வாசிச்சீங்க?"

"வாசிச்சேன்."

"வாசிக்கிறதைக் காதுல வாங்கமாட்டீங்களா?"

அவர் அடுப்படிக்குப் போய்க் கொப்பளிக்க வெந்நீர் வைத்தார். காதில் வாங்கியிருப்பார் என்று சொல்வதற்குமில்லை.

அதற்கடுத்த நாள் செய்தி சரியாகப் பத்து மணிக்கே வந்தது. தேன்காரி ஆட்டுக்காரர் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தாள். அவருடைய தரிசில் காட்டுச்செடி பூத்திருந்தது. பெட்டிகளை அங்கே மாற்ற இடம் கேட்கப் போயிருந்தாள். இருவர் செல்பேசியும் சேர்ந்து ஒலித்தன.

"அண்மையில் நேர்ந்த தேனீ இழப்பு, வளர்ப்போரின் கவனக்குறைவால் ஏற்பட்டது என மையம் வருத்தத்துடன் தெரிவிக்கிறது. உழவர்கள் விழிப்புடன் இருந்து இச்சேவையை முழுமையாகப் பயன்படுத்தவும்."

'வருத்தத்துடன்' என்ற இடத்தில் குரல் லேசாகத் தழுதழுத்தது. அந்தத் தழுதழுப்பு அவளுக்குத் தெரியும். கறவை மாடு கன்று போட்டுச் செத்தால் எப்படி வாசிக்க வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று பழகியது அது. எப்படி இருக்கிறது என்று அவளிடம்தான் கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொன்னவளும் அவள்தான்.

ஆட்டுக்காரர் செல்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "வீட்டுச் சண்டையை எல்லாரும் வீட்டோட வச்சுக்குவாங்க. உங்க வீட்டுக்காரர் பருவச் செய்தியில போட்டுட்டாரே, தாயி!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டுக்காரர் அவசரமாக ஆடுகளைப் பார்க்கப் போனார். ஆடுகளுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

சாயங்காலம் பெட்டிகளைத் தூக்க அவள் வயலுக்குக் கிளம்பும்போது, சூரியகாந்தி அண்ணன் வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

"எந்த மூஞ்சியோட வர்றதுன்னு தெரியல தங்கச்சி. நாளன்னைக்கு இன்னொரு தடவை அடிக்கணும்ங்கிறாங்க. நேர்லயே சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். மையத்துக்குச் சொல்லல."

"பெட்டியை மாத்தப் போறேன். ஆள் இல்லை. ஒரு கை பிடிப்பீங்களாண்ணே?"

"நானா?" என்றார் அவர்.

"நீங்கதான்."

குரலும் பின்னாலேயே வயலுக்கு வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். கழுத்தில் அட்டை இல்லை. கடைசித் தேனீக்கள் உள்ளே போகும்வரை மூவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே போவதற்கு அதிகம் இல்லாததால் வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கவில்லை. தேன்காரி வாசல்களை வலை வைத்து அடைத்தாள். முதல் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

மறுபக்கம் குரல் வந்து குனிந்தார். "நான் பிடிக்கிறேன்" என்றார். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். இருந்தும் வயல் முழுக்கக் கேட்டது.

அவள் தூக்கவில்லை. பிடித்த பிடியில் அப்படியே இருந்தாள்.

"அண்ணே," என்றாள், "அந்தப் பக்கம் நீங்க வாங்க."

சூரியகாந்தி அண்ணன் தயங்கினார். குரலைப் பார்த்தார். பிறகு வந்து குனிந்தார். குரல் கையை எடுத்துக்கொண்டு வரப்பில் ஒதுங்கி நின்றார்.

"சாயாம, அண்ணே. உள்ள இளசுங்க இருக்கு."

தூக்கினார்கள். பெட்டி கனக்கவே இல்லை. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.