சுவரில் டெஸ்ஸாவின் பெயர்

நீச்சல் பயிற்சியாளர் மார்லிஸுக்குக் காலை ஒன்பதரைக்கே தெரிந்துவிட்டது. அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர் ராண்டி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"நீச்சல் அணியைக் கலைக்கிறோம், மார்லிஸ். திங்கக்கிழமை அறிவிப்பு. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"இருபது பொண்ணுங்க, ராண்டி!"

"என்னை என்ன பண்ணச் சொல்றே? புது விதிப்படி இப்போ காலேஜ்ல ஆடற பையனுக்கும் சம்பளம் குடுத்தாகணும். நம்ம ஃபுட்பால் பையன் கேக்கறதைக் குடுக்கலேன்னா, அடுத்த வருஷம் வேற காலேஜுக்குப் போய்ப் பந்து எறிவான்."

கையால் பந்தை எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பாலில் பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம் அந்தப் பையன்; வயது இருபது. அவனுடைய ஒரு வருஷச் சம்பளத்தில் நீச்சல் அணியை இரண்டு வருஷம் நடத்தலாம். ஆனால் எழுபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கி வருவது அவனைப் பார்க்கத்தானே! நீச்சலுக்கு வருகிறவர்கள் பெற்றோரும், வேறு வழியில்லாமல் கூட வரும் தம்பி தங்கைகளும்தான். பத்தொன்பது வருஷமாக ஃபுட்பால் காசில்தான் குளத்துத் தண்ணீர் சூடாகிறது என்பது மார்லிஸுக்குத் தெரியாததல்ல.

ராண்டி ஒரு தாளை நீட்டினார். வாயைத் திறக்காமலிருந்தால் ஆறு மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு. அவள் கணவனுக்குப் புற்றுநோய் சிகிச்சை பாதியில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் டெஸ்ஸாவின் நினைப்பு வந்தது. மூன்றாம் வருஷம் முடித்தவள், அணியிலேயே வேகமானவள். ஒஹையோ மாநிலத்தில் ஒரு கல்லூரி அவளுக்கு முழு உதவித்தொகையோடு இடம் வைத்திருந்தது. பதில் சொல்ல இன்று மாலை ஐந்து மணிவரை கெடு. "எங்கேயும் போகாதே, நான் இருக்கேன்ல?" என்று போன வாரம் அவளைப் பிடித்து நிறுத்தியதே மார்லிஸ்தான்.

காரில் உட்கார்ந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஐந்து மணிக்கு இன்னும் நேரமிருக்கிறதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தன்னை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கடைசியில், போனால் போகட்டும் என்று குளத்துக்கு ஓடியபோது மணி பன்னிரண்டரை.

கடைசி வருஷம் நீந்தப் போகிறவர்கள் குளத்துச் சுவரில் தங்கள் பெயரைப் பெயின்டால் எழுதுவது அங்கே வழக்கம். கோடை முடிந்துதான் எழுதுவார்கள். டெஸ்ஸா இப்போதே பிரஷ்ஷும் கையுமாக நின்றாள்.

"அய்யோ கோச், சொல்லாம செஞ்சு அசத்தலாம்னு இருந்தேன், கெடுத்துட்டீங்களே! ஒஹையோக்காரங்களுக்கு வரலைன்னு எழுதிட்டேன். என் இடத்தை உடனே வேற ஒருத்திக்குக் குடுத்துட்டாங்களாம். என்ன அவசரம் பாருங்க!"

மார்லிஸ் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்படியே எல்லாவற்றையும் சொன்னாள்.

டெஸ்ஸா பிரஷ்ஷை டப்பாவில் வைத்தாள். அழவில்லை.

"உங்களுக்கு எப்போ தெரியும், கோச்?"

பொய் சொல்லியிருக்கலாம். மார்லிஸுக்கு அதற்கும் தெம்பில்லை.

"ஒன்பதரைக்கு."

டெஸ்ஸா போனை எடுத்து, தான் அனுப்பிய பதிலைத் தேடி, மார்லிஸின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அனுப்பிய நேரம் பதினொன்று ஐம்பது.