லீலாபாயின் பத்து சென்ட்

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு கணவன் அபினேஷ் கேம்பிரிட்ஜிலிருந்து அழைத்தான். வீட்டுத் தரகருக்கு இன்றே பதில் சொல்ல வேண்டும். வேறொரு ஜோடி காத்திருக்கிறது.

“சாயங்காலத்துக்குள்ள சொல்லுதேன்,” என்றாள் ஸ்மைலின்.

அவள் அங்கே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகள்தான். எல்லாவற்றிலும் சுவரில் ஈரம். ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி பெட்டி கட்ட வேண்டும். இப்போது கிடைத்திருப்பது ரயில் பாதையோரம் இரண்டு அறை வீடு. முன்பணத்துக்கே அபினேஷும் அவளும் சேர்த்தது முழுவதும் போய்விடும். மகள் தன் அறைச் சுவருக்கு நிறம் பார்த்துவிட்டாள்.

இங்கே, அவள் விடுமுறைக்கு வந்திருக்கும் சொந்த ஊர் சிதறாலில், லீலாபாய் பத்து சென்ட் விற்கிறாள். விலை ஏறக்குறைய அந்த முன்பணம்தான். தார்ரோட்டுக்கும் சித்தப்பா ஞானசிங்கின் வீட்டுக்கும் நடுவில் கிடக்கும் வெற்று நிலம். அவருடைய கார் அதன் வழியாகத்தான் போய்வரும். லீலாபாய் வாய்வார்த்தையில் விட்ட வழி.

கொஞ்ச நேரத்தில் ஞானசிங்கே வந்தார். அம்மா ராஜபாய் பால் இல்லாத கட்டன்சாயா கொண்டு வைத்தாள். சீனி போடவில்லை.

“மக்கா, அங்க வீடு பாத்திருக்கியாமே. வாங்கிரு. படிச்சவங்க தாமசிக்கிற எடம்.”

“வெல கூடுதல் சித்தப்பா.”

“கூடட்டும். இங்க மண்ணுல போட்டு என்ன கிடைக்கும்? பாம்பும் கொசுவும்.” ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். “லீலாபாய்க்க பத்து சென்ட்டை நீ வெல கேட்டதா சொன்னாவ.”

“கேட்டேன்.”

“அது உனக்கு என்னத்துக்கு?”

“புல்லு வளக்க. மாட்டுக்கு.”

“உனக்க அம்மைக்கு மாடு இல்லியே.”

“வாங்கணும்.”

அவர் மட்டும் சிரித்தார். “எனக்க காரு போற வழி மக்கா அது. அவ கொஞ்சம் எறங்கி வந்தா நானே வாங்கலாம்னு இருக்கேன். மவனுக்குக் கல்யாணம் வருது.”

“சானல் கரை இருக்கே. நடந்து போலாம்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

குடும்ப நிலத்தைப் பங்கு பிரித்தபோது முன்பக்கம் அவருக்கு, பின்பக்கம் அப்பாவுக்கு. பத்திரத்தில் பின்பக்கத்துக்கு வழி எழுதவில்லை. அண்ணன் தம்பிக்குள் எதற்கு என்று அப்பா சொல்லிவிட்டார். ஞானசிங் மதில் கட்டி கேட் போட்டார். அப்பா ஆடி மழையில் இறந்தார். அன்று கேட்டில் பூட்டு. ஆம்புலன்ஸ் ரோட்டிலேயே நின்றது. சவப்பெட்டியை வாய்க்கால் ஓரமாக, சானல் கரை வழியாகத் தூக்கினார்கள். முன்னால் பிடித்தவன் சேற்றில் வழுக்கினான். பெட்டி சரிந்தது. உள்ளே அப்பா ஒரு பக்கமாக நகர்ந்த சத்தம் ஸ்மைலினுக்குக் கேட்டது.

“அன்னைக்கு சாவி கிடைக்கல்ல மக்கா. சத்தியமா.”

“இப்ப கிடைச்சுதா?” என்றாள் ராஜபாய்.

“நாளைக்கே தொறந்து விடுதேன் மைனி. நீங்க தாராளமா அதுல போங்க.”

“வேண்டாம்,” என்றாள் ஸ்மைலின். “எங்களுக்குப் பழகிப் போச்சு.”

அவர் போன பிறகு லீலாபாய்க்கு அட்வான்ஸ் அனுப்பினாள். பத்திரம் திங்கட்கிழமை. அந்த நிலம் வந்தாலும் அம்மாவுக்கு ஒரு வழியும் திறக்காது. சித்தப்பாவின் வழி அடையும். கொத்தனாரைக் கூப்பிட்டு நாலு பக்கமும் மதில் என்றாள். கேட் எங்கே என்று அவர் கேட்டார். கேட் வேண்டாம் என்றாள்.

“எவ்வளவு உயரம்?” என்று மட்டும் ராஜபாய் கேட்டாள்.

பிறகு ஸ்மைலின் அபினேஷை அழைத்தாள்.

“வேண்டாம்னு சொல்லிரு.”

“அந்த வீட்டுல என்ன குறை?”

“ஒரு குறையும் இல்ல.”

“பின்ன?”

சொன்னாள். மதிலையும் சொன்னாள்.

“சரி. அவரு கார்ல போவாண்டாம்,” என்றான். “நாம எங்க தாமசிக்க, ஸ்மைலின்?”