சேர்க்கைக் காலத்துத் தொலைபேசி

“எனக்கு டெலிபோன் வேலதான் வேணும்” என்று சொல்லி முடிக்க அந்தப் பெண்ணுக்கு வெகு நேரம் பிடித்தது. ‘டெ’யில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது, கண்கள் இறுக மூடித் திறந்தன. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அந்தச் சொல்லைத் தானே எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று அவருக்கு வாய் துறுதுறுத்தது.

கல்லூரியின் சேர்க்கை விசாரணை அறைக்கு அவர்தான் மேற்பார்வையாளர். அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது எந்த வருஷத்துப் பிள்ளைகள் என்று யாருக்கும் தெரியாது. சேர்க்கைக் காலம் வந்தால் அந்த அறையின் தொலைபேசிகள் ஓயாது. விடுதியில் இடம் இருக்கிறதா, சான்றிதழ் தொலைந்துவிட்டது என்ன செய்வது, மகள் எந்தப் படிப்பை எடுத்தால் நல்லது என்று ஊரிலுள்ள பெற்றோர் எல்லாம் கேட்பார்கள். பதில் சொல்ல, படிக்கிற பிள்ளைகளையே பகுதிநேர வேலைக்கு எடுப்பது வழக்கம். வருஷா வருஷம் முகங்கள் மாறுவதால் அக்கா பெயர்களை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டார். அவரவர் துறைதான் பெயர். இவள் தாவரவியல். வரலாறு படிக்கும் பையன் ஒருவன் மட்டும் வாய் மூடாமல் பேசுவதால் ரேடியோ ஆகிவிட்டான்.

“பின்னால ரூம்ல உறைக்கு விலாசம் ஒட்டுற வேல இருக்கும்மா. நிம்மதியா உக்காந்து செய்யலாம்.”

“அ... அதுல பேசவே வேண்டாமே.”

“அதனாலதான் சொல்றேன்.”

“அதனாலதான் வேண்டாங்கறேன்.” இது மட்டும் தட்டுத் தடுமாறாமல் வந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். விடுதியிலிருந்து வீட்டுக்குப் போயிருக்கும்போது தொலைபேசி அடித்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அண்ணன்தான் எடுப்பான். அவளுக்குப் பல்வலி என்றால்கூட டாக்டரிடம் நேரம் கேட்பது அவன்தான். கடைக்காரரிடம் பேசுவதும் அவனே. அவனுக்கு இப்போது தூர ஊரில் வேலை கிடைத்து, பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். “இனிமே யார் பேசுவா? நான்தானே.”

அக்கா அவளை எடுத்துக்கொண்டார். சேர்க்கை அதிகாரி விஷயம் கேள்விப்பட்டு அறைக்கே வந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. சேர்க்கை குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர், அவ்வளவுதான்.

“ஃபோன் பண்றவங்க முதல்ல கேக்கறதே நம்ம குரலத்தான். யோசிச்சீங்களா?”

“யோசிச்சிட்டேன் சார். பொறுப்பு என்னோடது.”

சொல்லிவிட்டாரே தவிர, முதல் நாள் அக்கா தாவரவியலின் மேசையை விட்டு நகரவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த வாசகத்தைத்தான் எல்லோரும் சொல்லியாக வேண்டும்: ‘வணக்கம், சேர்க்கைப் பிரிவு, உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?’ தாவரவியலுக்கு முதல் எழுத்தே எழும்பவில்லை. மறுமுனையில் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்கள். “லைன்ல கோளாறுன்னு நெனச்சிருப்பாங்க, விடு” என்றான் ரேடியோ. அடுத்த அழைப்பும் அப்படியே போனது. அதற்கடுத்து வந்தவர் யாரோ ஒரு தகப்பன். ரிசீவரைத் தாண்டி அறை முழுக்கக் கேட்கும்படி இரைந்தார். பாதிச் சொல்லில் மாட்டிக்கொண்டு அவள் முகம் சிவந்ததைப் பார்த்த அக்கா எட்டி ரிசீவரைப் பிடுங்கி, கடகடவென்று பதில் சொல்லி வைத்தார். அறையே மூச்சு விட்டது. தாவரவியல் எழுந்து வெளியே போனாள்.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் அக்கா போய் நின்றார். “அந்த ஆள் கத்துனத மனசுல வச்சுக்காத.”

“அவருக்கு என்னைத் தெரியாது. கத்துனாரு. நீங்க ஏன்க்கா பிடுங்குனீங்க?”

“தாங்க முடியலம்மா.”

“யாருக்கு?”

அக்கா திறந்திருந்த குழாயை மூடினார். வீட்டிலும் யார் பேச ஆரம்பித்தாலும் முடித்து வைப்பது அவர்தான். ‘அம்மா, நான் என்ன சொல்லப்போறேன்னு எனக்கே தெரியாது, உனக்கு எப்படித் தெரியும்?’ என்று மகன் கேலி செய்வான். அதைத் தன் சுறுசுறுப்பு என்றே இதுவரை நினைத்திருந்தார். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நிற்கும் இந்தப் பெண்ணுக்கு அண்ணன் செய்துவந்ததைத்தான் தானும் செய்தோம் என்று உறைத்தது. அவனாவது பாசத்தில் செய்தான். தனக்குப் பதற்றம்.

“சரி. நான் என்ன பண்ணணும், நீயே சொல்லு” என்றார்.

அவள் யோசித்தாள். “திக்கறத மறைக்கப் பாத்தாத்தான் அதிகமாத் திக்குது. முதல்லயே சொல்லிட்டா கொஞ்சம் லேசாகும்.”

“காலேஜ் ஃபோன்லயா?”

“ஆமா.”

அக்கா உள்ளே வந்து, நாற்காலியில் ஏறி, சுவரிலிருந்த வாசகத்தைக் கிழித்தெடுத்தார். பசை பிடித்த ஓரம் மட்டும் வர மறுத்தது; அதையும் நகத்தால் சுரண்டினார். “அவங்கவங்க வாய்க்கு வர்ற மாதிரி பேசுங்க. ரேடியோ, உனக்கு இல்ல இது. நீ கொஞ்சம் கம்மியாப் பேசு.”

அதன்பின் தாவரவியல், “எனக்குக் கொஞ்சம் திக்கும், பொறுத்துக்குங்க, பதில் சரியாச் சொல்லுவேன்” என்றே ஆரம்பித்தாள். சிலர் வைத்துவிட்டார்கள். ஒருவர் வேறு ஆளைக் கொடு என்றார். கொடுத்தாள், கொடுத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள். ஆனால் பலர் பொறுத்தார்கள். பொறுத்தவர்கள் அவசரமும் படவில்லை. கேட்க வெட்கப்பட்ட கேள்விகளைக்கூட அவளிடம் கேட்டார்கள். சாயங்காலங்களில் அவள் குரல் கம்மிப்போய், கன்னத்துத் தசை வலிக்கிறது என்று தேய்த்துக்கொள்வாள். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள். ரிசீவர் பக்கம் கை போகாமலிருக்க அக்கா பெரும்பாடு பட்டார். சில சமயம் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார்.

சேர்க்கை முடியும் வாரத்தில் அதிகாரி மறுபடி வந்தார். யாரோ புகார் சொல்லியிருந்தார்கள். அவர் நுழைந்தபோது தாவரவியல் ஒரு பெரியவருடன் பேசிக்கொண்டிருந்தாள். பேத்தியைத் தனியாக விடுதியில் விடப் பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். “நானும் விடுதிலதான் ஐயா இருக்கேன்” என்றவள், அடுத்த சொல்லில் நின்றுவிட்டாள். நெடுநேரம் நின்றாள். மற்ற தொலைபேசிகள் அடித்தன. ரேடியோகூட வாயைத் திறக்கவில்லை. அதிகாரி தாங்கமாட்டாமல் ரிசீவருக்குக் கையை நீட்டினார்.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கும் மேசைக்கும் நடுவே போட்டார்.

“உக்காருங்க சார். அவங்க பேசிட்டிருக்காங்க.”

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு, ஏனென்று தனக்கே தெரியாதவர்போல உட்கார்ந்தார். ரிசீவரிலிருந்து பெரியவரின் குரல் மெல்லக் கசிந்தது: “நீ சொல்லும்மா, நான் எங்கயும் போகல.” தாவரவியல் கண்களைத் திறந்தாள். அவளது மறுகை தொலைபேசியின் சுருள் கம்பியைப் பிடித்து மெல்ல நேராக்கிக்கொண்டிருந்தது, உதடுகள் அந்தச் சொல்லுக்காகக் குவிந்தன.